நாலாவது வரியில் இருந்த எண்

காளீஸ்வரிக்குக் கோபம் வர நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. வீரகேரளம்புதூரில் அவள் பிறந்த தெருவில் இன்றைக்கும் அவள் பேச்சு வந்தால் "அந்தச் சுள்ளியா" என்றுதான் கேட்பார்கள். அப்பா குத்தகைக்கு நெல் போட்டவர். ஒரு முறை களத்தில் எடை போட வந்த வியாபாரி, தராசுக்குக் காலால் முட்டுக்கொடுத்தான். இவள் போய் அந்தக் காலை மிதித்தாள். அப்போது வயது பதினொன்று. அப்பா அடித்தது வியாபாரியை இல்லை, இவளை. அடி ஆறிவிட்டது, கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது முப்பத்திரண்டு ஆகிறது. மேலகரத்தில் வாடகை வீடு. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷரீபுன்னிசா அக்காவின் கம்ப்யூட்டர் கடையில் வேலை. பட்டா மாற்றம், வருமானச் சான்று, ஆதாரில் பெயர்த் திருத்தம் என்று காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை முதுகு நிமிராது. கணவன் பேச்சிராஜ் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவன். சாரல் விழுகிற மூன்று மாதம் அருவிக்கு வருகிறவர்களைப் பலகையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு அனுப்புவது தொழில். மற்ற ஒன்பது மாதமும் கிடைத்த வேலை. புளியறையில் லாரிக்குச் சுமை ஏற்றுவான், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவான், சும்மாவும் இருப்பான்.

பி.சி.ஏ. படித்த மூன்று வருஷத்தில் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு பாடம், வெப் பக்கம் எழுதுவது. கூடப் படித்தவர்கள் டேக் என்கிற அடையாளச் சொற்களை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுப் பரீட்சையில் கக்கிவிட்டு மறந்தார்கள். இவளுக்கு அது மண்டையில் ஏறியதற்குக் காரணம், அதில் ஒளிவுமறைவு கிடையாது என்பதுதான். தலைப்பு என்றால் இது தலைப்பு என்று எழுத வேண்டும். பத்தி என்றால் பத்தி என்று எழுத வேண்டும். இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று இரண்டு பக்கமும் அடையாளம் வைக்க வேண்டும். முடிவை வைக்க மறந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தடித்த எழுத்தில் போய் மானம் போகும். எவ்வளவு மினுக்கிக்கொண்டு நிற்கிற பக்கமானாலும் இரண்டு பித்தானை அழுத்தினால் அதன் பின்பக்கம் தெரிந்துவிடும். மனிதர்களிடம் அப்படி ஒரு வசதி இல்லையே என்று அவள் எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறாள்.

கடைசி செமஸ்டரில் கல்யாணத்தை வைத்துவிட்டார்கள். ஒரு பேப்பர் அரியர். அதைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதும் பல்லைக் கடிப்பாள்.

போன வருஷம் சீசனுக்கு முன்னால் பேச்சிராஜோடு தொழில் பார்க்கிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அருவிக்கரையில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பெரிய அருவி கார் பார்க்கிங்கில், தொழிலுக்கு முதலில் வந்தவர் முதலாவதாக நிற்பார். முதல் பார்ட்டி அவருக்கு, அடுத்தது அடுத்தவருக்கு. யாரும் முந்தக் கூடாது, ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாற்பது வருஷமாக இது நடக்கிறது. ஆனால் இப்போது வருகிறவர்கள் கார் பார்க்கிங் வரை காத்திருப்பதில்லை. ராஜபாளையம் தாண்டும்போதே போனில் தேடி, லாட்ஜுக்காரர்களிடம் சொல்லிவைத்துவிடுகிறார்கள். லாட்ஜில் இரண்டு மடங்கு காசு. பார்க்கிங்கில் நிற்கிறவர்களுக்கு வேடிக்கை மட்டும் மிச்சம். நமக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று வந்து நின்றார்கள், மொத்தம் பன்னிரண்டு பேர்.

"காசெல்லாம் வேண்டாம், எழுதித் தாரேன்" என்றாள் காளீஸ்வரி. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று ஷரீபுன்னிசா அக்கா கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை.

எழுத உட்கார்ந்தபோதே ஆளுக்கொரு நாட்டாமை. பன்னிரண்டு பேரில் இளையவனான கிங்ஸ்லி, தன் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னான்.

"மைனி, எச் ஒன்னு போட்டா பெருசா வரும்லா. எம் பேருக்கு அதப் போடுங்க."

"எச் ஒன்னு பேரப் பெருசாக்குததுக்கு இல்லலே. இந்தப் பக்கம் எதப் பத்தினதுன்னு சொல்லுத தலைப்பு அது. ஒரு கடைக்கு ஒரு போர்டுதான். 'குற்றாலம் எண்ணெய்க் குளியல்'னு போட்டாச்சு. ஒனக்குத் தனிப் போர்டு வேணும்னா தனிக் கடை வச்சிக்கோ."

மூத்தவரான இசக்கிப்பாண்டி அண்ணாச்சி போட்டோவைக் கொண்டுவந்தார். அறுபத்து மூன்று வயது, முன்பல் இரண்டு இல்லை. சாரலில் சிக்னல் போனால் படம் வராதே என்று அவருக்குக் கவலை. படம் வராவிட்டால் அந்த இடத்தில் என்ன எழுத்து வரவேண்டும் என்று படத்துக்கான டேக்கிலேயே எழுதிவைக்கலாம், கண் தெரியாதவர்களுக்குப் போன் அந்த எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும் என்று இவள் விளக்கினாள். "நாற்பது வருஷ அனுபவமுள்ள இசக்கிப்பாண்டி" என்று எழுதினாள். "மூஞ்சிக்கு அது எவ்வளவோ தேவல" என்றாள் அவர் மனைவி முப்பிடாதியம்மாள்.

யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டைக்கு மட்டும் இடமில்லை. பார்க்கிங்கில் நிற்கிற அதே முறைதான். வரிசைப் பட்டியல் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பெயரையும் ஓர் உருப்படியாக எழுதினால் போதும், ஒன்று இரண்டு என்று எண்ணைப் பிரவுசரே போட்டுக்கொள்ளும். முதலாவது இசக்கிப்பாண்டி. மூன்றாவது முகம்மது சலீம். நாலாவது பேச்சிராஜ்.

கடைசியாகப் போன் எண்கள். "இங்கன நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்று எல்லாரையும் பக்கத்தில் அழைத்தாள். "ஒவ்வொருத்தருக்கும் நம்பர நான் ரெண்டு எடத்துல எழுதுதேன். வெளிய கண்ணுக்குத் தெரியுதது ஒண்ணு. அதத் தொட்டா எங்க போகணும்னு உள்ள இருக்கது ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு சட்டமில்ல. வெளிய எதையும் எழுதிட்டு உள்ள எதுக்கும் வாசல் வைக்கலாம். அதனால இப்ப நான் ஒவ்வொண்ணாத் தொடுதேன், அவங்கவங்க போன் அடிக்குதான்னு பாருங்க."

பன்னிரண்டு போனும் அடித்தன. டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவள் சொன்னதில் பாதி யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. சலீமின் மனைவி அடகில் கிடந்த கம்மலை மீட்டாள். காளீஸ்வரி வீட்டுக்கு ஒரு சீப்பு மட்டி வாழைப்பழமும் பார்டர் புரோட்டா பொட்டலமும் வந்தன. அவளுக்கு அது போதும். தெருவில் போனால் "பக்கம் எழுதின பிள்ள" என்று சொன்னார்கள். அரியர் பேப்பர் பாஸானது மாதிரி இருந்தது.

இந்த வருஷம் ஆனி பிறந்து சாரலும் வந்தது, கூட்டமும் வந்தது. போன் மட்டும் வரவில்லை. முதல் வாரம் பொறுத்தார்கள். இரண்டாவது வாரம் ஆளாளுக்குத் தங்கள் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, எண் ஒரு இலக்கம்கூட மாறாமல் இருக்கிறது. சரியாகத்தானே இருக்கிறது என்று மூடி வைத்தார்கள். எவனும் தன் எண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிப் பார்க்கிறவன் யார்? காளீஸ்வரியும் கடையில் வேலைக்கு நடுவே இரண்டு தடவை திறந்து பார்த்தாள். எழுத்தைத்தான் பார்த்தாள். அந்த முட்டாள்தனத்தை நினைத்து அவள் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்ட திட்டுகளை அச்சில் போட முடியாது.

பேச்சிராஜ் மட்டும் காலையில் போனால் சாயங்காலம்தான் வந்தான். கை ஓயாத வேலை என்றான். இவளும் நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் நாலு பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது முப்பிடாதியம்மாள் உள்ளே வந்தாள். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

"ஏளா காளீஸ்வரி, நல்லா இருக்கு ஒன் நாயம். ஊருக்கே பக்கம் எழுதித் தாரேன்னு சொல்லிட்டு, ஒம் புருஷனுக்கு மட்டும் போன் அடிக்க வச்சிருக்கியாம்லா."

"யாரு சொன்னா ஆச்சி?"

"யாரு சொல்லணும்? பதினோரு ஆம்பளைய பார்க்கிங்ல ஈ ஓட்டுதானுவ. ஒம் புருஷனுக்கு எண்ணெக் கை காய நேரமில்ல. நாங்க என்ன காதுல பூவா வச்சிருக்கோம்?"

காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷரீபுன்னிசா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். காளீஸ்வரிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஒரு பைசா வாங்காமல் செய்த வேலைக்குக் கிடைத்த பட்டம் திருடி. அதுவும் வேலை பார்க்கிற கடையில், நாலு பேர் முன்னால்.

"ஆச்சி, வார்த்தைய அளந்து பேசுங்க. இந்தா பக்கம். இது யாரு நம்பரு? வாசிங்க."

கடைப் போனில் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்க வீட்டு நம்பருதான்" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"பொறவு என்ன? இரிங்க, அண்ணாச்சிகிட்டயே கேக்குதேன். ஒங்கள இங்க அனுப்பி வச்சது அவிய தானே."

கோபத்தில் அந்த எண்ணையே தொட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"வணக்கம், இசக்கிப்பாண்டி ஆயில் மசாஜ். எத்தன பேர் வர்றீங்க சார்?"

இருபத்தைந்து வயதுக் குரல். முன்பல்லெல்லாம் இருக்கிற குரல். முப்பிடாதியம்மாள் போனை வெடுக்கென்று வாங்கினாள்.

"எவம்லே நீ?"

"நான்தாம்மா, இசக்கிப்பாண்டி."

"நீ இசக்கிப்பாண்டின்னா முப்பத்தெட்டு வருஷமா நான் யாருக்குலே சோறு பொங்குதேன்?"

போன் வைக்கப்பட்டது. காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். காளீஸ்வரி சிரிக்கவில்லை. போனில் கடைசியாகப் போன அழைப்பின் எண்ணைப் பார்த்தாள். இசக்கிப்பாண்டியின் எண் இல்லை. நாலு ஏழில் முடிகிற எண். ஐந்தருவி ரோட்டில் உள்ள ஒரு லாட்ஜின் எண் அது. பாதி ஆட்டோக்களின் முதுகில் ஒட்டியிருக்கிறது. அங்கே மேனேஜர் வல்லிநாயகம். சாரல் காலத்தில் தண்ணீர் விழுவதே தன் புண்ணியத்தில்தான் என்று நடந்துகொள்கிற மனிதர்.

கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோலையும் யூவையும் அழுத்தினாள். பக்கத்தின் பின்பக்கம் வந்தது. அவள் எழுதிய தலைப்பு அப்படியே இருந்தது. பத்திகள் அப்படியே இருந்தன. படத்துக்குரிய எழுத்துகள்கூட அப்படியே. பட்டியலுக்கு வந்தாள். முதல் உருப்படி: வெளியே இசக்கிப்பாண்டியின் எண், உள்ளே நாலு ஏழு. இரண்டாவது, உள்ளே நாலு ஏழு. சலீமுக்கும் நாலு ஏழு. வெளியே ஒரு புள்ளிகூடத் தொடாமல் உள்ளே மட்டும் எவனோ கைவைத்திருக்கிறான். டேக்குக்கு மெய் தெரியாது, பொய் தெரியாது. இது தலைப்பு, இது படம், இது வாசல் என்று சொன்னதைச் செய்யும். வாசலைத் திருப்பி வைத்தவன் மனிதன்.

முப்பிடாதியம்மாள் புருஷனுக்குப் போன் போட வெளியே போயிருந்தாள். காளீஸ்வரி நாலாவது வரிக்கு வந்தாள்.

பேச்சிராஜ். வெளியே அவன் எண். உள்ளேயும் அவன் எண்.

ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை மறுபடி நாலு ஏழு.

மறுபடி மேலே போய் நாலாவது வரியைப் படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே மேய்ந்தது அவள் வீட்டிலேயே இருந்தது. பக்கத்தைத் திருத்துகிற பாஸ்வேர்டு கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் கடைசித் தாளில், அவள் கையெழுத்தில், அடுப்பு மேடைக்கு மேலே இருந்தது. அது அங்கே இருப்பது இரண்டே பேருக்குத் தெரியும்.

இப்போது அவளிடம் ஐந்து நிமிஷ வேலை இருந்தது. பதினோரு எண்ணையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் நாளைக்கே எல்லாருக்கும் போன் அடிக்கும். யாரோ திருட்டுப் பயல் செய்த வேலை என்று சொல்லிவிடலாம். பேச்சிராஜ் பெயர் வெளியே வராது. ஆனால் முப்பிடாதியம்மாள் பேசின பேச்சு ஊர் முழுக்க அப்படியே கிடக்கும். மாட்டிக்கொண்டதும் மாற்றிவிட்டாள் என்பார்கள். காலத்துக்கும் அவள்தான் திருடி.

முதலில் பின்பக்கம் முழுவதையும் பிரின்ட் எடுத்தாள். மூன்று தாள் வந்தது. அதற்குப் பிறகு பதினோரு எண்ணையும் திருத்தினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

முப்பிடாதியம்மாள் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் முதலில் வந்தபோது இருந்த வேகம் இல்லை. "யாரு செஞ்ச வேல பிள்ள இது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில எல்லாரையும் பார்க்கிங்ல இருக்கச் சொல்லுங்க ஆச்சி. நான் வந்து சொல்லுதேன். ஒரு ஆள்கூட விட்டுப் போகக் கூடாது."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பேச்சிராஜ் ஏற்கெனவே வந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கையில் போன். அவன்தான் முதலில் தொடங்கினான்.

"ஏட்டி, பாஸ்வேர்ட மாத்திட்டியாமே. மேனேஜர் போன் பண்ணி ஏசுதாரு."

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏசுதாரா? என்கிட்ட ஏசச் சொல்லுங்க. எப்பக் குடுத்திய?"

"சித்திரையில."

"எதுக்குக் குடுத்திய?"

அவன் போனைக் கட்டிலில் வைத்தான். பிறகு பேசினான். லாட்ஜில் மசாஜுக்குத் தனி அறை போட்டிருக்கிறார்களாம். சீசன் முடிந்தாலும் அவனுக்கு அங்கே வேலை உண்டாம், வருஷம் பூராவும் சம்பளமாம். புளியறையில் மூட்டை தூக்கி இடுப்பு போய்விட்டது, அது அவளுக்குத் தெரியாதா? யார் குடியையும் கெடுக்கவில்லை. பக்கத்தில் பெயர் மாறவில்லை, படம் மாறவில்லை, எண்கூட மாறவில்லையே.

"எண்கூட மாறலையா" என்றாள் காளீஸ்வரி. குரல் உயரவில்லை, அவளுக்குக் குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும். "ஒங்க எண் மாறல. மத்த பதினோரு பேருக்கு வார போன எவனோ எடுக்கான். பட்டியல்ல மொதல்ல இருக்க அண்ணாச்சி பேரையே தன் பேருன்னு சொல்லுதான். ஒங்க ஒருத்தர் எண்ண மட்டும் ஏன் விட்டு வச்சிய? அதையும் திருப்பியிருந்தா யாரோ செஞ்சதுன்னு ஆயிருக்கும். ஒங்க எண்ண விட்டுட்டு மத்தத மாத்துனா அத யாரு செஞ்சதா ஊரு சொல்லும்? பக்கம் எழுதுன ஒங்க பொண்டாட்டின்னுதான். யோசிச்சியளா?"

"எனக்கு வார பார்ட்டி எனக்கு வரட்டும்னு மேனேஜர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். அத ஒரு குத்தமாட்டி சொல்லுத?"

அந்த ஒரு பதில் அவளை உலுக்கிவிட்டது. வறுமையில் செய்தான் என்றால்கூட ஒரு வழி இருந்திருக்கும். மற்றவர்கள் வாயில் மண்ணைப் போட ஒப்புக்கொண்டவன், தன் சோற்றுக்கு மட்டும் தனியாகச் சிபாரிசு பிடித்திருக்கிறான். பத்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நாளைக்குக் காலையில பார்க்கிங்குக்கு வாங்க" என்றாள். "வராட்டாலும் நான் சொல்லத்தான் போறேன். வந்தா ஒங்க வாயால சொல்லலாம்."

"என்னை நாறடிக்கப் போறியா?"

"என்னை நாறடிச்சாச்சுல்லா."

மறுநாள் விடியும்போதே மலையில் நல்ல மழை. பெரிய அருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தொட்டு விழுந்ததால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாத அத்தனை பேரும் டீக்கடைத் தகரக் கொட்டகைக்கு அடியில் நின்றார்கள். முப்பிடாதியம்மாளும் வந்திருந்தாள். பேச்சிராஜும் வந்திருந்தான், கடைசியில், மூங்கில் தூணை ஒட்டி.

காளீஸ்வரி மூன்று தாளையும் டீக்கடை மேசையில் விரித்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"இது நம்ம பக்கத்தோட பின்பக்கம். நேத்து நான் திருத்துததுக்கு முன்னால இருந்தது. ஒவ்வொருத்தரும் வந்து உங்க பேரத் தேடுங்க. பேருகிட்ட ரெண்டு எண் இருக்கும். வெளிய காட்டுத எண் ஒங்களது. அதுக்கு முன்னால மேற்கோள் குறிக்குள்ள இருக்க எண் யாருதுன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

இசக்கிப்பாண்டி அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விரலால் எழுத்துக் கூட்டினார். நாலு ஏழு என்றபோது அவர் விரல் நின்றது. சலீம் வாசித்தார், நாலு ஏழு. கிங்ஸ்லி வாசித்துவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஒருத்தர் வாசிக்க வாசிக்க அடுத்தவர் முகம் மாறியது. வாடிக்கைக்காரர்கள் தேடித் தேடித் தங்களைத்தான் தொட்டார்கள், தொட்ட கை வேறு வாசலில் போய் நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"பதினொண்ணு வாசிச்சாச்சு" என்றார் சலீம். "ஒண்ணு மிச்சமிருக்கே."

"நாலாவது. நீங்களே வாசிங்க அண்ணே."

சலீம் வாசித்தார். இரண்டு எண்ணையும் வாசித்தார். இரண்டும் ஒன்று. எல்லாரும் மூங்கில் தூணைப் பார்த்தார்கள்.

"பாஸ்வேர்டு எங்க வீட்டுல இருந்துச்சு" என்றாள் காளீஸ்வரி. "எடுத்துக் குடுத்தது எங்க வீட்டுக்காரரு. வாங்கி மாத்துனது லாட்ஜுக்காரன். நான் மாத்தல. ஆனா அடுப்பு மேடையில எழுதி வச்சது நான்தான். அது என் தப்பு. அத மட்டும் ஏத்துக்கிடுதேன், வேற ஒண்ணும் ஏத்துக்கிட மாட்டேன்."

பேச்சிராஜ் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். கிங்ஸ்லி அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். இசக்கிப்பாண்டி அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார். அவர் காளீஸ்வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாலாவது வரிய நீ மறைச்சிருக்கலாமேம்மா. எங்களுக்கு இந்த எழுத்தெல்லாம் தெரியவா போகுது?"

"ஒங்களுக்குத் தெரியாதுங்கதாலதான் அண்ணாச்சி மேனேஜரு செஞ்சாரு. நானும் அதையே செய்யவா?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார். முப்பிடாதியம்மாள் ஒரு டீயை வாங்கி அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். காளீஸ்வரி அதைத் தொடவில்லை. நேற்று நாலு பேர் முன்னால் சொன்னதற்கு ஒரு டீயா என்று இருந்தது.

"அவன் பேர என்ன செய்ய?" என்று சலீம் கேட்டார். எல்லாரும் அவளே சொல்லட்டும் என்று நின்றார்கள். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான். தப்பைச் செய்தது அவன், தண்டனையைச் சொல்வதற்கும் அவள்தான் வேண்டுமா?

போனை எடுத்தாள். பக்கத்தைத் திறந்து பட்டியலுக்குப் போனாள். நாலாவது உருப்படி தொடங்குகிற அடையாளத்திலிருந்து முடிகிற அடையாளம் வரை விரலால் இழுத்து அழித்தாள். பெயர், படம், எண், படம் வராவிட்டால் வரும் எழுத்து, எல்லாம் போயிற்று. சேமித்தாள். ஐந்தாவதாக இருந்தவர் நாலாவது ஆனார், ஆறு ஐந்தானது. எண்களை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒரு ஆள் இருந்தான் என்பதற்குத் தடமே இல்லை.

பேச்சிராஜ் மழையிலேயே இறங்கி நடந்தான்.

அவள் போனைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தின் அடியில், பட்டியல் முடிந்த பிறகு, இன்னொரு டேக்கை எழுதினாள். அட்ரஸ் என்று ஒரு டேக் உண்டு. பெயரைப் பார்த்து வீட்டு முகவரி எழுதத்தான் என்று பலர் நினைப்பார்கள். அது அதற்கில்லை. இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு யார், அவரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லத்தான் அது. கல்லூரியில் படித்திருந்தாலும் இதுவரை அவள் அதை எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. "இந்தப் பக்கத்தை எழுதுவதும் பார்த்துக்கொள்வதும் காளீஸ்வரி, மேலகரம். எதிலாவது பிழை இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று எழுதினாள். தன் எண்ணை வெளியே எழுதினாள். உள்ளேயும் அதையே எழுதினாள். சலீமிடம் போனைக் கொடுத்து இரண்டையும் வாசிக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பேச்சிராஜ் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தான். அடிக்கிற எண்ணைப் பார்த்தாள். நாலு ஏழு. ஈரக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, அந்த மசாஜ் பக்கத்துல கை வச்சது யாரு?" வல்லிநாயகத்தின் குரல். "எங்க ஆளுக்கு ஒரு போன் வரமாட்டேங்குது. யாரக் கேட்டு மாத்துன? பேச்சிராஜு எங்க? அவன்கிட்டக் குடு."

பேச்சிராஜ் எழுந்து வந்து கையை நீட்டினான். அவள் போனைக் கொடுக்கவில்லை.

"நான்தான் மாத்துனேன்" என்றாள். "பேரு கீழ போட்டிருக்கு, எண்ணும் போட்டிருக்கு. வாசிச்சுத்தானே கூப்பிடுதிய. இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசுங்க."

அந்தப் பக்கம் அவர் கத்த ஆரம்பித்தார். போலீஸ், கேஸ், தெரிந்த பெரிய மனிதர்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. காளீஸ்வரி போனைத் துண்டிக்கவில்லை. அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, அவராக வைக்கும் வரை அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.